ராஜேஸ்வரி மேடம் எடுத்துவைத்த ஜன்னல்

எங்கள் சமையலறைச் சுவரில் ஜன்னலுக்காக விட்டிருந்த இடத்தைத் தார்ப்பாயால் மறைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை அது அவிழ்ந்து கிடந்தது. கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பொறியாளர் ராஜேஸ்வரி மேடம் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். "சரி" என்று வைத்துவிட்டு, மீதிக் கயிற்றையும் கட்டி முடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

தஞ்சாவூரில் பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் எங்கள் சிறிய நிறுவனத்தில் அவர் பொறியாளர், நான் எஸ்டிமேட் போடுகிறவன். எங்காவது வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவார். கதவு, உத்தரம், செங்கல் எதையும் குப்பைக்கு விடமாட்டார். உடைந்த ஓடுகளைக்கூட மொட்டைமாடியில் பதித்துவிடுவார்.

"புதுசா வாங்கிடலாமே மேடம், எனக்கும் எஸ்டிமேட் சுலபமா இருக்கும்" என்று அலுத்துக்கொள்வேன்.

"கொள்ளிடத்துல இன்னும் எவ்வளவுதான் சார் மணல் அள்றது? இருக்கறத எடுத்து வெப்போம்" என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பொருளும் எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே என்ன நடந்தது என்பதை வாங்குகிறவரிடம் சொல்லியே தீருவார். "சொல்லாம கொடுத்தா திருட்டு சாமான் மாதிரி ஆயிடும் சார்." இதனால் கைக்கு வந்த வேலைகள் சில போயிருக்கின்றன. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. போன தை மாதம் சமையலறையைப் பெரிதாக்கியபோது, திருவிடைமருதூரில் இடித்த வீட்டிலிருந்து ஒரு தேக்கு ஜன்னல் கொண்டுவந்தார். என் மனைவி மல்லிகா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா படுக்கையாய்க் கிடந்து இறந்தது இந்த ஜன்னலோரம்தான் என்று மேடம் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"சாவு வீட்டு சாமான் வேணாம் மேடம்."

"சாவே விழாத வீட்டு ஜன்னல்தான் வேணும்னா, இனிமே கட்டப்போற வீட்டுலதாங்க எடுக்கணும்."

மல்லிகா சிரிக்கவில்லை. மேடமும் வற்புறுத்தவில்லை. "எங்க வீட்டுல வெக்கிறேன். மனசு மாறுனா சொல்லுங்க" என்று வந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புதிது வாங்க எனக்கு மனம் வரவில்லை, அதை ஏற்க அவளுக்கு வரவில்லை. தார்ப்பாய் அப்படியே இருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, மல்லிகாவை அழைத்துவர மேடம் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் அந்த ஜன்னல் சாய்ந்திருந்தது. மேடத்தின் கணவர் எங்களைப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருந்தா. இனிமே எடுப்பீங்களோ என்னவோ. இப்ப எங்க வீடும் சாவு வீடுதானே."

மல்லிகா குனிந்து ஜன்னலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்று என்னை எப்போதும் கண்டிப்பவள் அவள். வாசற்படி இறங்குமுன், கையில் ஜன்னலோடு நின்று, உடல் கிடந்த இடத்தில் ஏற்றியிருந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வரோம் மேடம்."