இரைச்சல் நின்ற பிறகு

என் கணவர் ஓர் இசைக்குழுவில் சேர்ந்து கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தவர். நான் அதே குழுவில் பாடுகிறேன். சில மாதங்களுக்கு முன், கிட்டார் ஒலியை மாற்ற அவர் காலால் அழுத்தும் பெடலை அம்ப்ளிஃபையரில் இணைத்தாலே ஓர் இரைச்சல் வரத் தொடங்கியது. வயரை மாற்றிப் பார்த்தார். பெடலைத் திறந்து ஈயமும் வைத்தார். சரிவரவில்லை. கடைசியில் அம்ப்ளிஃபையரின் பிளக்கைத் திறந்து ஏர்த் வயரைக் கழற்றிவிட்டார். இரைச்சல் உடனே நின்றது.

"பாத்தியா, இவ்வளவுதான்," என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் தெல்தோட்டையில் ஒரு கல்யாணம். கிட்டார் கம்பிகளைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தவர் அப்படியே விறைத்துப்போனார். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

"அக்கா, தொடாதீங்க, கரண்ட்!" என்று கத்திக்கொண்டே ஓடிய எங்கள் டிரம்ஸ்காரர் மெயின் சுவிட்சை அணைத்தார். என் கணவர் சரிந்து விழுந்தார்.

உயிர் தப்பியது. உதடும் விரல்களும் வெந்திருந்தன. அம்ப்ளிஃபையருக்குள் ஒரு வயர் தோலுரிந்து அதன் இரும்புப் பெட்டியில் பட்டுக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஏர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். கம்பிகளில் கரண்ட் நின்றிருக்காது. அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. கிட்டாரை விற்கச் சொல்லிவிட்டார்.

நான் இன்னமும் பாடப் போகிறேன். எல்லாப் பிளக்குகளிலும் ஏர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேடை ஏறுகிறேன். போன வாரம் புதுக் கிட்டார்காரர், "ரொம்ப இரையுதே அக்கா, என்ன செய்ய?" என்று கேட்டார்.

"இரையட்டும் தம்பி," என்றேன். "அப்படியே வாசிங்க."