"காத்துதான் காரணம், மாப்ளே"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கடையில் முழு வேகத்தில் சுழலும் மின்விசிறிக்கு நேராக முகத்தை நீட்டியபடி, "ஒண்ணு... ரெண்டு... மூணு... கேக்குதா மாப்ளே?" என்கிறார் மாமா. தெருவின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஹெல்மெட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் நான், "கேக்குது மாமா" என்கிறேன். "ஃபேனை இன்னும் ஒரு நம்பர் கூட்டுங்க" என்கிறார் கடைக்காரரிடம். அதற்குமேல் அதில் நம்பர் கிடையாது. இது ஏழாவது கடை.

மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் இன்டர்காம், அதாவது வண்டி ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் காற்று இரைச்சலிலும் பேசிக்கொள்ள உதவும் கருவி, ஒன்று வாங்க வேண்டுமாம். நான்கு மாதமாக என் உயிரை வாங்குகிறார்.

ஒன்றில் பட்டன் கடுகளவு, கையுறை போட்டால் அமுக்க முடியாது. ஒன்றில் ஸ்பீக்கர் தடிமன், காது மடலை நசுக்குகிறது. இன்னொன்று தன் கம்பெனிக் கருவியோடு மட்டும்தான் சேரும். "இதென்ன மாப்ளே, சொந்தக்காரங்களோட மட்டும்தான் பேசுவேங்குது!" மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அட்டையில் போட்டிருந்ததைக் கடைக்காரரின் தண்ணீர்ச் சொம்புக்கு மேல் பிடித்துக்கொண்டு, "முக்கிப் பாத்துடவா?" என்றார். கருவி தப்பித்தது. என் மானம்தான் போயிற்று.

இத்தனைக்கும் மனிதருக்குக் காது கூர்மை. பழுதான லிஃப்டின் முன் போய் நின்றதும் பெட்டியைத் திறக்க மாட்டார். கதவில் காதை வைத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். "மூணாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு" என்பார். ஏறிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். இந்தக் காதுக்குத்தான் என் அக்கா வண்டியில் பேசுவது பத்தொன்பது வருஷமாகக் கேட்டதில்லை.

அவள் பின்னாலிருந்து என்ன சொன்னாலும் இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார். அப்படி ஆட்டித்தான் வீட்டுச் சுவர் பச்சையானது. "நான் எப்ப சரின்னேன்?" என்று பெயின்ட் காய்ந்த பிறகு கேட்டார். என் சித்தப்பா குடும்பம் பத்து நாள் வந்து தங்கியதும் அந்தத் தலையாட்டலால்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அக்காவும்தான்.

நான்கு மாதத்துக்கு முன்பு அக்கா பின்சீட்டிலிருந்து, "மார்ல கட்டி மாதிரி இருக்குங்க. வியாழக்கிழமை டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல்தான் முதுகிடம் சொன்னாள். ஹெல்மெட் மேலும் கீழும் நன்றாக ஆடியது. வியாழக்கிழமை மாமா ஏதோ ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில், ஃபோனை அணைத்துவிட்டு, லிஃப்ட் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் மூன்று முறை கூப்பிடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்கா தனியாக உள்ளே போனாள்.

பயப்பட வேண்டிய கட்டி இல்லை. நல்லவேளை! ஆனால் அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் அக்கா வாயைத் திறப்பதில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்தது, பால் பொங்கியது எல்லாம் பேசுவாள். வண்டியில் மட்டும், முன்பு அவர் தோளைப் பிடித்த கை பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்திருக்கும்.

"ரெண்டு வார்த்தை, மாமா. தப்பு என் மேலதான்னு சொல்லிடுங்க" என்று நானும் தொண்டை வறளச் சொல்லிவிட்டேன்.

"சொல்லலாம்தான். ஆனா காத்துதான் காரணம், மாப்ளே. அதைச் சரிபண்ணாம வாயால சொல்லி என்ன பிரயோஜனம்?"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இவருக்குக் காற்று! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஹெல்மெட்டாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

ஒருவழியாக ஏழாவது கடையில் ஒரு ஜோடி வாங்கினார். மூன்றாவதாக ஒன்றைக் கடைக்காரரிடம் இரவல் பெற்று என் ஹெல்மெட்டில் மாட்டினார். மூன்று பேர் பேசினாலும் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு கேட்டருகே நான் ஹெல்மெட்டோடு நின்றேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ. "இதெல்லாம் எதுக்கு?" என்று முனகிக்கொண்டே அக்கா ஏறினாள். வண்டி நேர்த் தெருவில் புறப்பட்டது.

என்ன தெளிவு! காற்று மருந்துக்கும் இல்லை. அக்காவின் மூச்சுகூட என் காதில் கேட்டது. "பேசும்மா, ஏதாவது பேசு. சூப்பரா கேக்குது" என்றார் மாமா. வண்டி நாலு வீடு தாண்டியது. பிறகு, பக்கத்தில் நின்று கேட்பதுபோல் அக்காவின் குரல்.

"அன்னிக்கு ஏங்க வரல?"

தெருக்கோடியில் மாமாவின் ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. சரி, சரி என்று, பத்தொன்பது வருஷமாக ஆடிய அதே ஆட்டம்.

அடப்பாவி மனுஷா! நான்கு மாதம், ஏழு கடை, எத்தனை மின்விசிறி! தலையில் அடித்துக்கொண்டேன், ஹெல்மெட்டில்தான் பட்டது. அக்கா "ம்" என்றாள், அவ்வளவுதான். வண்டி இன்னும் பத்தடி போனது. பிறகு பிரேக் விளக்கு எரிந்தது.

எஞ்சினை அணைத்தார். ஸ்டாண்டைப் போட்டு இறங்கினார். அவ்வளவு பாடுபட்டுத் தேடி வாங்கிய கருவியோடு ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். வண்டியிலேயே உட்கார்ந்திருந்த அக்காவின் ஹெல்மெட் கண்ணாடியை மெல்ல மேலே தூக்கிவிட்டு, குனிந்து, அவள் வாயருகே காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.