துரை காரின் வட்டக் கீறல்கள்

மலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் துரையின் கார் டிரைவர். மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அது. எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களை அந்தக் கேட்டில் வரிசையாக நிறுத்தி, பால் வாளியிலும் இடுப்பு மடியிலும் அரிசி இருக்கிறதா என்று துழாவுவார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். என் மனைவி ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். துரையின் காருக்கு மட்டும் தடுப்புக் கட்டை கேட்காமலேயே மேலே போகும். உள்ளே ஒரு மூட்டை அரிசி இருந்தாலும் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கறுப்புக் கார் அது. வந்த புதிதில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தோட்டத்து ரோடு முழுக்கச் செம்மண். துரை ஆபீசுக்குப் புறப்படுமுன் கார் பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் கழுவிக் காயும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று உத்தரவு. மண்தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். சொன்னதைச் செய் என்றார். செய்தேன். ஒரு வருஷத்துக்குள் பானெட்டிலும் கூரையிலும் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டால் கண்ணைக் குத்தும்.

கிளப்பில் இன்னொரு தோட்டத்துத் துரை அதைப் பார்த்துவிட்டு, உன் காரைத் தேங்காய் நாரால் தேய்க்கிறாயா என்று கேட்டுச் சிரித்தாராம். மறுநாள் காலை எங்கள் துரை என்னை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். கணக்கெழுதும் கிராணியும் வேலை மேய்க்கும் மண்டோர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைக்குத் தமிழ் வரும், அதட்டுகிற தமிழ்.

"நீ மாடு தேய்க்கிற ஆளு. கார் உனக்கு எதுக்கு?" என்றார்.

உத்தரவு யாருடையது என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் முகம் அடி வாங்கியதுபோல் எரிந்தது.

சீமையிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வரப்போகிறார், அதற்குள் கீறல் போயிருக்க வேண்டும் என்றார். மலாக்கா டவுனில் ஒரு சீனத் தௌக்கே முதலாளியின் கார் பட்டறையில் மின்சாரத்தில் ஓடும் பாலிஷ் மெஷின் வந்திருந்தது. காரை அங்கே கொண்டுபோய், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். கீறல் போகாவிட்டால் டிரைவர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு பால் வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவாராம்.

பட்டறையில் பாலிஷ் வேலை பார்த்தவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என் வயதுதான் இருக்கும். காரை வெயிலில் தள்ளிவைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எப்படி இந்தக் கோலமானது என்று கேட்டார். சொன்னேன்.

"ஓடர் போட்டவரு கையிலயே துணியக் குடுத்திருக்கணும்லா," என்றார்.

அன்று முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் காரை இரண்டு பேரும் சேர்ந்து நன்றாகக் கழுவினோம். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் மெஷின் அதை இழுத்துப் புதுக் கீறல் போட்டுவிடும். மெஷின் நல்ல கனம். முன்பக்கம் கம்பளி உறை போட்ட வட்டத் தட்டு. பெயிண்டில் பசை மாதிரி ஒரு மருந்தைத் தடவி, தட்டை அதன்மேல் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நம் முகத்தில்தான். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் கருகும். ஓரங்களில் பெயிண்ட் மெலிசு, அங்கே மெஷினைக் கொண்டுபோகாமல் கையால் தேய்த்தோம். மருந்து காய்ந்து மாவாகப் பறந்து மூக்கில் ஏறியது. பானெட் முடிந்ததும் துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தோம். கனமான கீறல் இரண்டொன்று ஆழத்தில் தங்கிவிட்டது. அந்த வலை முழுவதும் காணாமல் போயிருந்தது. அவருக்குக் கை வலித்தபோது நான் வாங்கிக்கொண்டேன். பின்கதவு இரண்டும் என் கைவேலை. பிறகு புது உறை மாட்டி, நைசான மருந்தால் இன்னொரு சுற்று.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் காரைத் தோட்டத்துக்குள் ஓட்டி வந்தேன். ரப்பர்ப் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோர் வாசலில் ஒரே கூட்டம். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினில் வேலை செய்தார். உருளைக்குள் அவருடைய வலது கை போய்விட்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் சுற்றியிருந்த துணியெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. உடனே மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் கையே போய்விடும் என்றார் டிரெஸர். தோட்டத்து லோரி ஷீட் ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது.

துரை ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். நேராகக் காருக்குத்தான் போனார். பானெட்டை ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தார். நான் அக்காவைக் காட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"லோரி வரும். நாளைக்குப் பெரிய துரை இந்தக் கார்லதான் ஏறணும். ரத்தம் வேணாம்," என்றார்.

கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் பொறுக்க முடியாதது அந்தச் சாதாரணம்தான். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சொன்ன அத்தனையும் அவர் காதில் விழுந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

சாவி என்னிடம் இருந்தது. டிரெஸரிடம் அக்காவின் தோளைப் பிடிக்கச் சொன்னேன். பின்சீட்டில் ஏற்றினோம், டிரெஸரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். துரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். நான் நிற்கவில்லை. கேட்டில் வழக்கம்போல் கட்டை மேலே போனது. காவலுக்கு நின்றவன் சல்யூட்கூட அடித்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கை பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் டிரெஸரிடம் சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்து, சீட்டைக் கழுவித் துடைத்து, சாவியை ஆபீஸில் கொடுத்தேன். அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்தவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று கிராணி தலையைக் குனிந்தபடி சொன்னார்.

லயத்தில் பலரும் வந்து துரை காலில் விழச் சொன்னார்கள். கெட்ட காலம், துரை போலீசில் போட்டுக் கொடுத்தால் காட்டுக்காரனுக்கு உதவினாய் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் காட்டினார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே சட்டி பானையைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"விழுறதா இருந்தா நீங்க மட்டும் போய் விழுங்க. நான் இனிமே அந்தக் கேட்ல நிக்க மாட்டேன்," என்றாள்.

மலாக்கா டவுனுக்குப் பக்கம் தங்கா பத்து என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. பட்டறையில் இரண்டாவது மெஷின் வாங்கியிருந்தார்கள், தௌக்கே என்னைச் சேர்த்துக்கொண்டார். எத்தனையோ பேருடைய கார்களின் கீறலை எடுத்தேன். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

அக்காவை மறுபடி ஸ்டோரில் வைக்கவில்லை. மூன்று விரலோடு புல் வெட்ட அனுப்பினார்கள். மெஷினில் கையை விட்டது அவருடைய கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிட்டார்கள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு வைக்கச் சொல்லி டிரெஸர் அதற்கு முன்பே பல தடவை கேட்டிருக்கிறார். அந்த ஒரு தகடு கடைசிவரை வரவேயில்லை.