வேல் குத்திய வாய்

சுப்புவுக்கு இரண்டு பெயர். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் அவன் சுப்பு. வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் சோ வின். அம்மா தமிழச்சி, அப்பா பர்மாக்காரர். ஆகவே இரண்டுமே சொந்தப் பெயர்தான். வீட்டில் புத்தருக்கும் முருகனுக்கும் ஒரே அலமாரி, ஒரே ஊதுபத்தி. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இலங்கையிலிருந்து வரும் சிங்கள யாத்ரிகர்களிடம் மட்டும் ஒளிக்க வேண்டி வந்துவிட்டது.

ஷ்வேடகோன் பகோடாவைக் கும்பிட அவர்கள் ஆண்டுதோறும் கூட்டமாக வந்து சுப்புவின் வேனில்தான் சுற்றுவார்கள். முதல் தடவை அவர்கள் வந்தது கொழும்பில் குண்டு வெடித்திருந்த சமயம். கூட்டத்தில் ஒருவர் சுப்புவின் கறுத்த முகத்தை உற்றுப் பார்த்து, "நீ தமிழனா?" என்று கேட்டார். "பர்மாக்காரன், சார்" என்று சட்டென்று வாயில் வந்துவிட்டது. பாதிப் பொய்தானே என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தப் பாதிப் பொய்தான் பத்து வருஷமாகச் சோறு போட்டது.

கூட்டத்தின் தலைவி குசுமா டீச்சர் தங்கமான மனுஷி. சுப்புவை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவாள். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். வேன் ஓடும்போது அவள் வாயும் ஓடும். இலங்கைப் பிக்குகள் பர்மாவுக்குக் கப்பலேறி வந்து துறவு வாங்கிப் போன கதை முடிந்தால், சிங்கள ராஜா துட்டகைமுனு யானைமேல் ஏறி வந்து தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்ற கதை. எல்லாளன் சாகிற இடம் வரும்போதெல்லாம் சுப்புவின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். "ஆனால் ஜெயித்த ராஜா என்ன செய்தார் தெரியுமா? எல்லாளன் சமாதியைத் தாண்டும்போது யாரும் மேளம் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்" என்று டீச்சர் முடிப்பாள். சுப்புவுக்கு அந்த முடிவு பிடிக்கும். பிடிக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் முடியாது.

வருஷம் தவறாமல் இன்னொன்றும் கேட்பாள். "மல்லி, இங்கே கதிர்காமத் தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறதா? எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி."

"இல்லையே, அக்கா" என்பான், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி முருகன் கோயிலை வைத்துக்கொண்டு. கூட்டிப்போனால் குருக்கள் வாசலிலேயே 'வாப்பா சுப்பு' என்று போட்டு உடைத்துவிடுவாரே! வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். அந்த 'மல்லி' போய்விடுமோ என்பதுதான் அவனுக்குப் பயம்.

2007 கடைசியில் மனைவி ஆண்டாளுக்கு வயிற்றில் ஆபரேஷன். பிழைத்து வந்தால் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டான். அவளும் பிழைத்து வந்தாள், வாய்த்துடுக்கு கொஞ்சமும் குறையாமல். ஆனால் 2008-ல் பங்குனி உத்திரமும் ஷ்வேடகோன் பௌர்ணமித் திருவிழாவும் ஒரே நாளில் வந்தன. டீச்சர் கூட்டமும் சரியாக அன்றைக்கு ஊரில் இருந்தது. வீட்டு விசேஷம், மதியம்வரை லீவு வேண்டும் என்று கேட்டு வாங்கினான்.

"முருகன்கிட்டயும் சோ வின்னுன்னு சொல்லித் தொலைச்சிடாதீங்க" என்றாள் ஆண்டாள்.

காவடி தூக்கிய சுப்புவோடு ஊர்வலம் கோயில் முனையில் திரும்பியது. தேங்காய் உடைப்பதற்காக மேளம் நின்றது. எதிரே, தலையில் பழத்தட்டோடு குசுமா டீச்சர்! பின்னால் மொத்தக் கூட்டமும். ஹோட்டல்காரன் கோயிலுக்கு வழி சொல்லியிருக்கிறான்.

"மல்லி?" என்று கிட்டே வந்தாள். மஞ்சள் வேட்டியைப் பார்த்தாள், காவடியைப் பார்த்தாள். "நீ தமிழனா?"

வேறு நாளாக இருந்தால் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்திருக்கும். இன்றைக்கு நாக்கில் வேல். மிச்சம் இருந்தது தலை ஒன்றுதான். அதை ஆட்டினான், ஆமாம் என்று. காவடியின் மயிலிறகுகளும் கூடவே ஆடின.

டீச்சர் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு அவள் தட்டை உயர்த்தி, கதிர்காமத்தில் கத்துகிற மாதிரியே தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹரோ ஹரா!"

அவள் கூட்டமும் கத்தியது. தெருவும் "அரோகரா!" என்றது. மேளக்காரர்கள் திடுக்கிட்டு அடிக்கத் தொடங்கினார்கள். டீச்சர் கூட்டத்தில் ஜயதிஸ்ஸ என்கிற பெரியவர் மட்டும் வாய் திறக்காமல் சுவர் ஓரமாக நின்றார்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், "கோயிலே இல்லை என்றாய் அல்லவா? தெய்வம் அந்த நாக்கிலேயே குத்தியது பார்!" என்றாள் டீச்சர். வேன் முழுக்கச் சிரிப்பு. சுப்புவும் சிரித்தான். நாக்கு எரிந்தது, மனசு லேசாக இருந்தது.

எல்லாரும் உள்ளே போனபின் ஜயதிஸ்ஸ திரும்பி வந்தார். "என் மகன் ராணுவத்தில், வன்னியில் இருக்கிறான். பெயர் நிசங்க. அடுத்த வருஷம் உன் கோயிலில் அவன் பெயரைச் சொல்லு." முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

சுப்புவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வன்னியில் அவர் மகன் யாரைச் சுடப் போயிருக்கிறான் என்று தெரியாதா என்ன? சொல்ல மாட்டேன் என்று ஆண்டாளிடம் கோபமாகவே சொன்னான். அவளும், "சொல்லாட்டிப் போங்க" என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பங்குனிக்கு டீச்சர் கூட்டம் வரவில்லை. அங்கே சண்டை உச்சத்தில் இருப்பதாக டீக்கடை ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ரெண்டு பக்கமும் சாவு. உத்திரத்தன்று சுப்பு ஆண்டாள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு நகராமல் நின்றான்.

"இன்னும் யாருக்குப்பா?" என்றார் குருக்கள்.

"நிசங்க."

"எந்த ஊருப் பேரு இது? சரி, நட்சத்திரம்?"

அது அவனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் வரிசை நெருக்கியது.

"கார்த்திகைன்னு சொல்லுங்க, சாமி" என்றான் சுப்பு. அது அவனுடைய நட்சத்திரம்.