சிவப்பு நாடா ஒட்டிய இரண்டு அம்புகள்

காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை, கார்பன் அம்புத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து வளைத்துப் பார்ப்பது. உள்ளே நூலிழை விரிசல் இருந்தால் மெல்ல நெரியும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட தண்டு, நாணை விட்ட நொடியிலேயே பிளந்து வில் பிடித்த கையில் ஏறிவிடும். குளச்சலில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் வாய்த்த வேலை இது. இத்தனைக்கும் இந்த நாட்டில் நினைத்தவுடன் வில்லோடு வேட்டைக்குப் போய்விட முடியாது. எங்களிடம் வாங்குகிறவர்கள் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

அப்படிப் புறப்பட இருந்தவர்தான் அபு ரஷீத். ஐம்பதைத் தாண்டிய எமிராத்தி. பழைய பாணி மரவில் வைத்திருந்தார். ஐந்நூறு என்று எண்ணிட்ட தண்டை நீட்டியதும், நானூறைவிட அது பலமானது என்று நினைத்து மகிழ்ந்துபோனார். எண் கூடினால் வளைவுதான் கூடும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"மாஃபி குவ்வா?" பலம் இல்லையா என்று கேட்டவரின் முகம் சுருங்கியது.

மரவில்லின் பிடியைச் சுற்றி அம்பு வளைந்துதான் வெளியேற வேண்டும், விறைத்த தண்டு பக்கவாட்டில் ஓடிவிடும் என்று கையால் காட்டிப் புரியவைத்தேன். பிறகு அவர் கேட்ட பன்னிரண்டு தண்டுகளையும் அவர் கண்ணெதிரிலேயே வளைத்துக் கேட்டேன். இரண்டு நெரிந்தன. சிவப்பு நாடா ஒட்டி ஒதுக்கினேன். அவர் என் காதைச் சுட்டி, "குட் மெஷின்" என்று சிரித்தார்.

மறுநாள் எனக்கு விசா மருத்துவப் பரிசோதனை. அதனால் அன்றே பத்து அம்புகளுக்கு இறகு ஒட்டி, சோதித்தவர் பெயர் போடும் அட்டையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, குடோனிலிருந்து இரண்டு புதிய தண்டுகள் எடுத்துச் சேர்க்கும்படி சேவியரிடம் சொன்னேன். சேவியர் எங்கள் ஊர்க்காரன். முதலாளியிடம் நானே கெஞ்சி வரவழைத்தவன். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

நான்காம் நாள் அபு ரஷீத் இடதுகையில் பெரிய கட்டோடு வந்தார். பயிற்சியில் உடைந்த அம்பை மேஜைமேல் வைத்தார். நான் திரும்பி ஒதுக்கிய இடத்தைப் பார்த்தேன். இரண்டு தண்டுகளையும் காணோம். குப்பைக்கூடையில் சிவப்பு நாடா சுருண்டு கிடந்தது.

இதைச் சோதித்தது யாரென்று மேனேஜர் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சேவியர் சொன்னான்: "பாய் நே செக் கியா." அண்ணன்தான் சோதித்தார் என்று.

நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் அட்டையை எடுத்து என் கையெழுத்தைக் காட்டி, "கலாஸ்" என்றார், பேச்சு முடிந்தது என்பதுபோல. அபு ரஷீத் கோபப்படவில்லை. "ஐ ஸா யூ லிஸன்" என்று மட்டும் சொன்னார். அது திட்டாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைக்கு வந்ததும் சேவியரைக் கேட்டேன். "குடோனுக்குப் போவ மடி பட்டு அதையே போட்டுட்டேன் மக்கா. எனக்க வேலை இன்னும் உறுதியாவல. ஒன்னய அவனுவ ஊருக்கு அனுப்ப மாட்டானுவல்லா?" என்றான்.

அனுப்பவில்லைதான். குடோனில் பெட்டி அடுக்கப் போட்டார்கள். என் மேஜையில் இப்போது அவன் நிற்கிறான்.

ஞாயிறு காலை என் மனைவி வீடியோவில் அழைத்தாள். கோயில் முற்றத்தில் அவள் பக்கத்தில் சேவியரின் அம்மா. போனை வாங்கி, "எனக்க பிள்ளைக்கு வழி காட்டுனது நீதான் மக்கா. ஒனக்காவ இன்னைக்கும் மெழுகுதிரி ஏத்துனேன். அவன் எங்க?" என்றாள்.

கீழ்க்கட்டிலில் இருந்த சேவியர் தலை நிமிரவில்லை. மேல்கட்டிலிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு முகமும் திரைக்குள் விழும்படி போனைத் தள்ளிப் பிடித்தேன். அங்கே அவன் அம்மா சிரித்தாள்.