பக்கத்து வகுப்பின் ராக்கெட்

செஞ்சியில் நான் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். ஒன்று எனக்கு. இன்னொன்று, என்னைவிடப் பதினைந்து வயது இளையவளான புது டீச்சருக்கு. நடுவில் ஒரு மரத்தடுப்புதான்.

வந்த மாதமே அவள் ராக்கெட் பாடம் ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து கதவு வரை நூல் கட்டி, அதில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை ஒட்டி விடுவாள். அது சர்ரென்று ஓடும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இந்தப் பக்கம் நான் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன்.

"டீச்சர், நாம எப்ப ராக்கெட் உடுவோம்?" என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"மொதல்ல கணக்கப் போடு."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்து புது டீச்சர், பம்ப்பால் காற்றடித்துப் பறக்கவிடும் தண்ணீர் பாட்டில் ராக்கெட் விடப்போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல், சைக்கிள் பம்ப்போடு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறினேன். ஏழெட்டு முறை புடவை நனைந்த பிறகுதான் பிடிபட்டது: பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் இருக்கவேண்டும், மீதி இடம் காற்றுக்கு. அவளுக்கு முன்பே விட்டுக் காட்ட நினைத்தேன். திங்கட்கிழமை காலையிலேயே அவள் மைதானத்தில் பிள்ளைகளைக் கூட்டிவிட்டாள்.

பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பியிருந்தாள். பம்ப் அடித்ததும் அது பொத்தென்று சாய்ந்து மண்ணை நனைத்தது. இரண்டாம் முறையும் அதே கதி. பிள்ளைகள் சிரித்தார்கள். கோளாறு எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை விழுந்தபோது அவள் கண் கலங்கியது. எனக்குள் சந்தோஷம் எழுந்தது. அதை உணர்ந்ததும் கூசிப்போனேன்.

"பாதிக்கு மேல வெளிய ஊத்திடும்மா. தண்ணி ஜாஸ்தி," என்றேன்.

ஊற்றினாள். அடுத்த முறை பாட்டில் சீறிக்கொண்டு பள்ளிக் கூரைக்கு மேலே போயிற்று. பிள்ளைகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும்தான்.

"எப்பிடிக்கா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எங்கியோ படிச்சது," என்று பொய் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ரெண்டு கிளாசுக்கும் நீங்களே சொல்லிக் குடுங்கக்கா."

மறுநாள் நான்தான் விட்டேன். முதல்முறையே பறந்தது. கை தட்டினார்கள். ஆனால் விழுந்த பாட்டிலைப் பொறுக்கி வந்த என் வகுப்புப் பெண், அதை நேராகக் கொண்டுபோய் புது டீச்சர் கையில் கொடுத்தாள். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.