அமுக்காத பொத்தான்

காலையில் எழுந்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் 'டக்' என்று ஒரு பொத்தானை அமுக்குவார், விடுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி 'டக்'. பல் துலக்கும் முன்பே இது நடந்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் இருக்கும் அந்த விசைப்பலகையின் வால் எந்தக் கணினியிலும் செருகப்படவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

"எங்கயும் மாட்டாத கீபோர்டுல யாருக்குங்க லெட்டர் அடிக்கிறீங்க?" என்பார் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்.

"கொஞ்சம் இரும்மா. 'எஸ்' இன்னிக்கு சோர்வா கேக்குது."

கண் மருத்துவமனை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது இவர் பிழைப்பு. அங்கே இவருக்கு வைத்த பெயர் 'டக்டக்'. பிரின்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டால் உடனே வருவார். வந்தவர் முதலில் வரவேற்பறைப் பெண்ணின் விசைப்பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "என்னம்மா இது, ஈரத் துணியக் குத்தற மாதிரி இருக்கு" என்று துக்கம் விசாரித்துவிட்டுத்தான் பிரின்டரைத் திறப்பார்.

வீட்டு மேசையில் இருப்பது நாற்பது வருடப் பழைய ஜப்பானியக் கணினி ஒன்றின் பலகை. கணினி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பொத்தானிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய எழுத்து. ஒரே ஒரு பொத்தான் மட்டும் அமுக்கினால் அமுங்கியே கிடக்கும். இன்னொரு தரம் அமுக்கினால்தான் எழும். ஜப்பானிய மொழியில் இவருக்கு வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்தப் பலகை எப்படியெல்லாம் நடந்துகொண்டதோ அப்படியே மடிக்கணினியில் நடித்துக்காட்ட ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார். சத்தம் வந்துவிட்டது. அந்தச் சோம்பேறிப் பொத்தானும் வந்துவிட்டது.

கொண்டுவரப் பாக்கி இருந்தது ஒரு கோளாறு. அசல் பலகையில் பொத்தானுக்கு ஒரு கம்பி என்று கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும், அவை சந்திக்கும் இடமெல்லாம் ஒரு பொத்தான். ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளைச் சேர்த்து அமுக்கினால், நாலாவது மூலையையும் யாரோ அமுக்கிவிட்டதாகக் கணினி நம்பிவிடும். இவர் அதற்கு வைத்த பெயர் பேய். ஊரே ஓட்டப் பார்க்கும் பேயை இவர் வருந்தி வருந்தி வீட்டுக்கு அழைத்தார்.

சோதித்துப் பார்க்க இரண்டு பேர் கை வேண்டும். அந்தக் கணினியில் ஓடிய பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு தம்பதி இருவரும் மடிக்கணினியின் ஒரே விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு தவளைகள் இலைக்கு இலை தாவும். தண்ணீரில் விழுந்த தவளை தோற்றது. தவளை தண்ணீரில் விழுந்தால் ஏன் தோற்க வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. தோற்ற தவளைக்காரர் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம். இரண்டு வாரமாக மனைவிதான் தேய்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெற்றி முகத்தில் இருந்த மனைவியின் தவளை திடீரென்று தண்ணீரில் குதித்தது.

"கீழ போற பொத்தான நான் தொடவே இல்லையே!"

இவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். "வந்துடுச்சு! பேய் வந்துடுச்சு!"

"அப்ப ரெண்டு வாரமா என் தவளையத் தள்ளி விட்டது உங்க பேயா?"

ஆட்டம் நின்றது. "சத்தியமா தெரியாதும்மா. நீ சுமாரா ஆடறேன்னுதான் நினைச்சேன்." சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

"அத எடுத்துடுங்க. இல்லன்னா ரெண்டு தவளைக்கும் இனிமே நீங்களே கை குடுங்க."

"எடுத்துட்டா அப்புறம் அது சும்மா ஒரு கீபோர்டும்மா."

"தானா பிரேக் புடிக்கிற வண்டிய நான் ரோட்டுல விடுவனா?"

"உன் கார்ல ஓட்டக் கத்துக்கற பையன் அமுக்காத பிரேக்க பக்கத்து சீட்லேர்ந்து நீ அமுக்கறியே?"

"அது நான் அமுக்கறது. இங்க யாரு அமுக்கறா?"

மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு இடது கை ஒரு தவளை, வலது கை இன்னொரு தவளை என்று தனியாக ஆடினார். எந்தத் தவளை தோற்றாலும் பாத்திரம் தேய்த்தது இவர்தான். இடது கை ஜெயித்ததில் வலது கைக்கு வருத்தமில்லை. சண்டை இல்லாத ஆட்டம் உப்புச் சப்பில்லாமல் போயிற்று. பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க ஆள் வாடிப்போனார். மருத்துவமனையில் யாருடைய விசைப்பலகையையும் தட்டிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் மாலை, மென்பொருளில் பேய் குடியிருந்த வரிகளைத் தேடிப் பிடித்து, அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தார். வைத்தாரே தவிர, விரல் இறங்க மாட்டேன் என்றது. ஒரு பெருமூச்சு விட்டு இறக்கப் போன நேரத்தில் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து எத்தனையோ பேரை நிறுத்திய கை.

"நகருங்க," என்றார் மனைவி. "இன்னிக்கு உங்க தவளை எனக்கு. என்னுது உங்களுக்கு."

"பேய் உள்ளேயேதாம்மா இருக்கு."

"இருக்கட்டும். எப்ப வரும்னு எனக்குத் தெரியும்."

ஆட்டம் தொடங்கி, இவருடைய தவளை இரண்டு இலைதான் தாண்டியிருக்கும். இவர் எந்த இரண்டு பொத்தானை அமுக்கியிருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, மூன்றாவதை மனைவி நிதானமாக அமுக்கினார். தவளை தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது.

"பாத்தியா, பாத்தியா! எவ்ளோ கரெக்டா வருது!" இவர் நாற்காலியில் துள்ளினார்.

"தோத்துட்டீங்க. போய்ப் பாத்திரத்தத் தேயுங்க."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். வெகுநேரம் ஆகியும் தண்ணீர்ச் சத்தம் வராததால் மனைவி எட்டிப் பார்த்தார். மேடைமேல் நாலு டம்ளர்களைக் கட்டமாகக் கவிழ்த்துவைத்து, அவற்றில் மூன்றை விரல்களால் அமுக்கிப் பிடித்தபடி, மூச்சு விடாமல் நாலாவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.